காந்தா அணைக்காத கற்பூரம்

பால்காரன் ஊற்றுகிற பாலில் விரலை விட்டுப் பார்க்காமல் தணிகாசலம் ஒருநாளும் செம்பை உள்ளே எடுத்துப் போனதில்லை. கோயிலில் கொடுக்கிற விபூதியைக்கூட நுனிநாக்கில் வைத்து, சுண்ணாம்பு கலந்திருக்கிறதா என்று தீர்மானித்துவிட்டுத்தான் நெற்றிக்குக் கொண்டுபோவான். பிள்ளையார்பாளையத்தில் அவனுக்கு வேண்டியவர்களும் வேண்டாதவர்களும் இந்த ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள். தன் நிழல் பின்னால் வந்தால்கூட எதுக்குடா வர்றே என்று கேட்கிற ஆசாமி அவன்.

அந்தப் புத்திதான் அவனுக்குச் சோறும் போட்டது, அதையும் சொல்லியாக வேண்டும். தறியில் உட்கார்ந்தால் ஒவ்வோர் இழையையும் திருடனைப் பார்க்கிற மாதிரிப் பார்ப்பான். உடலும் கரையும் சேருகிற கோர்வையில் அவன் கையில் ஒரு பல் பிசகாது. முகூர்த்தப் புடவை என்றால் முதலாளி ராஜகோபால் வேறு ஆளைக் கூப்பிடவே மாட்டார். எதிர்ப்பக்கம் உட்கார்ந்து கரைக்குக் குறுக்கே நூல் ஓட்டுகிற நாடாவைத் தள்ளிக் கொடுப்பது அவன் பெண்டாட்டி காந்தா. பிள்ளைகுட்டி இல்லாத வீடு. தறி ஒன்று, மனுஷர் இரண்டு, அவ்வளவுதான் குடும்பம்.

அவனுடைய சந்தேகத்துக்குக் கோபித்துக்கொள்ளாத ஆள் ஊரில் ஒருத்தன் உண்டென்றால் அது சாயக்காரக் கண்ணாயிரம். ஒரே வாத்தியாரிடம் ஒரே பிரம்பால் அடிவாங்கி, ஒரே நாளில் பள்ளிக்கூடத்தை விட்டு ஓடிவந்தவர்கள் இருவரும். முதலாளி கொடுக்கிற வெள்ளைப் பட்டுக்குச் சாயம் ஏற்றிக் கொண்டுவந்து கொடுப்பது கண்ணாயிரம், நெய்வது தணிகாசலம். கண்ணாயிரம் போடுகிற அரக்கு இருக்கிறதே, கல்யாணப் புடவைக்கான அந்த ஆழ்ந்த சிவப்பு, அதைப் பார்த்தால் பொம்பளைகளுக்குப் பேச்சு நின்றுவிடும். தணிகாசலம் அதையும் வெயிலில் பிடித்து, நிழலில் பிடித்து, ஈரத்துணியில் தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவான். கண்ணாயிரம் ஒரு பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, பார்டா பார், நல்லாப் பார் என்று சிரித்துக்கொண்டிருப்பான்.

சென்னை ராஜ்யத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வைத்தார்களே, அந்த வருஷம் மாசியில் தணிகாசலத்துக்குத் தலைவலி வந்தது. முதலில் சாதாரணத் தலைவலி என்று பற்றுப் போட்டார்கள். பிறகு வாந்தி. பிறகு கழுத்து மரக்கட்டையாக விறைத்துக்கொண்டது. ஒருநாள் காந்தாவைப் பார்த்து, நீ யாரும்மா, எங்க வூட்ல இன்னா பண்றே என்று கேட்டான். வழக்கமான சந்தேகம் என்று முதலில் நினைத்தவள், அவன் கண் ஒன்று மூக்குப் பக்கமாகச் சொருகிக்கொண்டு நிற்பதைப் பார்த்து அலறிவிட்டாள். கண்ணாயிரம்தான் வாடகைக் கார் பிடித்து மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான்.

மூளையைச் சுற்றியிருக்கிற சவ்வில் காசநோய் இறங்கியிருக்கிறது என்றார்கள். முதுகுத்தண்டில் ஊசி குத்தி நீர் எடுத்தார்கள். தினப்படி இடுப்பில் ஒரு ஊசி, கைநிறைய மாத்திரை. பக்கத்துக் கட்டில்காரர்கள் ஒவ்வொருத்தராகத் துணி மூடிப் போனார்கள், இவன் பிழைத்துக்கொண்டான். நினைவு திரும்பியதும் அவன் கேட்ட முதல் கேள்வி, நெஞ்சில வர்ற டி.பி. தலையில எப்பிடி வரும், யாரை ஏமாத்தறீங்க என்பது. அதைக் கேட்டுத்தான் காந்தாவுக்கு உயிர் வந்தது. ஆள் திரும்பிவிட்டான், சந்தேகமே இல்லை.

ஆடி மாசம் வீடு திரும்பினான். எமன் வாசற்படி வரைக்கும் போய்வந்தவன் என்று தெருவே வந்து பார்த்தது. கண் சொருகியது நேராகிவிட்டது. கால் மட்டும் கொஞ்சம் தள்ளாடியது. ஆவணியில் தறியில் உட்கார்ந்தான். அங்கேதான் ஆரம்பித்தது வினை.

கண்ணாயிரம் கொண்டுவந்த அரக்கு நூலைப் பிரித்தான். வெயிலில் பிடித்தான், நிழலில் பிடித்தான். செங்கல்பொடியைக் கரைத்து முக்கின மாதிரி இருந்தது. இது இன்னாடா அரக்கு, சாயத்தைக் குறைச்சுட்டியா என்று கேட்டான். கண்ணாயிரம் சிரித்தான். தணிகாசலம் சிரிக்கவில்லை என்று கண்டதும் சிரிப்பை நிறுத்தினான். நூலை வாங்கிப் பார்த்தான், காந்தாவைப் பார்த்தான், சரி திருப்பி முக்கிக் கொண்டாரேன் என்று எடுத்துக்கொண்டு போனான். மறுநாள் கொண்டுவந்தான். இன்னும் பத்தலை என்றான் தணிகாசலம். மூன்றாம் தடவைதான், ம், இப்பச் சரி, வழிக்கு வந்தியா என்று வாங்கி வைத்தான். ஆனாலும் மனசுக்குள் ஒரு முள் நின்றுவிட்டது.

அதற்கப்புறம் ஊரே அவனை ஏமாற்ற ஆரம்பித்தது. காந்தாவின் நெற்றிக் குங்குமம் பழுப்படித்தது. எந்தக் கடையில வாங்கின, கலப்படம் என்று கடையை மாற்றினான், அடுத்ததும் கலப்படம். தக்காளி பழுக்காமலே விற்றார்கள். கோயில் மதிலில் அடித்த காவிப் பட்டையில் தர்மகர்த்தா காவியைத் தின்றிருந்தார். முச்சந்தியில் பறக்கிற கட்சிக் கொடியைப் பார்த்து, ஆட்சிக்கு வந்ததும் சிவப்பைக் குறைச்சிட்டானுங்க பாத்தியா என்றான். டீக்கடையில் எல்லோரும் அதை அரசியல் என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

போதாக்குறைக்கு ஒருநாள் பெட்டியைத் திறந்து காந்தாவின் கூறைப்புடவையை எடுத்தான். அவனே நெய்தது, கண்ணாயிரமே சாயம் போட்டது. பழசோடு புதுசை வைத்துப் பார்த்தால் குட்டு உடைந்துவிடும் என்று கணக்குப் போட்டான். பிரித்தால் அதுவும் அதே செங்கல் நிறம். வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் நின்று யோசித்திருப்பார்கள். தணிகாசலம் யோசிக்கவில்லை. அப்படின்னா என் கல்யாணத்துலேருந்தே இவன் ஏமாத்திக்கினு இருக்கான் என்று முடிவுகட்டினான். அதுவும் யார்? கூடப் பிறந்தவனைவிட மேலாக நினைத்தவன்.

மஞ்சக்காமாலைக்காரனுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். பழமொழி சொன்னவர்களுக்கே தெரியாது எவ்வளவு கிட்டத்தில் போய்விட்டோம் என்று. பாலைச் சந்தேகப்பட்டவன், விபூதியைச் சந்தேகப்பட்டவன், டாக்டரைச் சந்தேகப்பட்டவன், தன் கண்ணைச் சந்தேகப்படவில்லை. எப்படிச் சந்தேகப்படுவான்? தெருக்கோடியில் வருகிற ஆள் தெரிகிறது. நூல் அறுந்தால் விரல் கண்டுபிடித்துவிடுகிறது. கண்ணில் வலியில்லை, சிவப்பில்லை, நீர் வடியவில்லை. கெட்ட கண் என்றால் கெட்ட கண் மாதிரி இருக்க வேண்டாமா?

பக்கவாட்டிலும் ஏதோ சதி நடந்தது. நடையில் செம்பு இடறியது. கதவு நிலை தோளில் இடித்தது. தெருவில் ஆட்கள் சைக்கிளோடு திடீர் திடீரென்று முளைத்து, கண்ணு தெரியலையா தணிகாசலம் என்று திட்டிவிட்டுப் போனார்கள். வேணும்னே வர்றானுங்க என்று அவன் காந்தாவிடம் சொன்னான். மறுநாளிலிருந்து நடையில் ஒரு சாமானும் இல்லை. வெளியே போனால் காந்தா எப்போதும் அவனுக்கு இடப்பக்கமாகவே நடந்தாள், வழியில் எதிர்ப்படுகிறவர்களை அவளே முந்திக்கொண்டு, வாங்கண்ணா, போங்கம்மா என்று பேர் சொல்லிக் கூப்பிட்டாள். முன்னெல்லாம் தலை குனிந்து நடந்தவள் இப்போது ஊரைக் கூப்பிட்டுப் பேசுகிறாளே என்று அதுவும் ஒரு சந்தேகக் கணக்கில் போய்ச் சேர்ந்தது.

தறியிலும் அவள் நடத்தை மாறியிருந்தது. ஊடை நூல் சுற்றின சின்னக் குழலைத் தார் என்பார்கள். அரக்குத் தார் எல்லாம் ஒரு கூடை, கரைக்கான பச்சைத் தார் எல்லாம் இன்னொரு கூடை. அரக்குக் கூடை எப்போதும் அவன் இடது முழங்காலை ஒட்டி இருக்கும்படி அவள் வைத்தாள். கொஞ்சம் நகர்ந்தால்கூடப் பதறிக்கொண்டு வந்து சரிசெய்தாள். நாடாவில் தாரை மாட்டும்போது அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருபது வருஷமாக இல்லாத பழக்கம்.

அவன் ஒரு பொறி வைத்தான். அவள் தண்ணீருக்குப் போன நேரத்தில் இரண்டு கூடையையும் இடம் மாற்றி வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவன்போல மிதிகட்டையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தான். காந்தா குடத்தை இறக்கினாள். வந்தாள். கூடையைப் பார்த்தாள், அவன் முகத்தைப் பார்த்தாள். ஒரு வார்த்தை பேசாமல் பூனை மாதிரிக் குனிந்து இரண்டையும் பழையபடி மாற்றி வைத்துவிட்டுத் தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள். யாருங்க மாத்தினது என்றுகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவனுக்குச் சந்தேகம் வந்திருக்காது. கேட்காததுதான் நெஞ்சைக் குடைந்தது. இவளும் என்னமோ மறைக்கிறாள்.

கார்த்திகைக் கடைசி ஞாயிற்றுக்கிழமை கச்சபேசுவரர் கோயிலுக்குப் போனார்கள். தலையில் நோய் வந்தவர்கள் மண்சட்டியில் மாவிளக்கு ஏற்றி, அதைத் தலையில் சுமந்து பிராகாரம் சுற்றுவது அங்கே வழக்கம். மண்டை விளக்கு என்பார்கள். மாசியில் அவன் நினைவு தப்பிக் கிடந்தபோது காந்தா நேர்ந்துகொண்டது. சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு, நெய் சுத்தமானதுதானா என்று ஒருதடவை கேட்டுவிட்டு, அவன் சுற்றக் கிளம்பினான்.

விளக்கைச் சுமப்பவன் தலையைத் திருப்ப முடியாது. நேராகத்தான் போக வேண்டும். காந்தா இடப்பக்கம் வருகிறாள் என்ற நினைப்பில் கொஞ்ச தூரம் நடந்தான். பேச்சுச் சத்தம் இல்லையே என்று நின்று, உடம்போடு சேர்த்து மெதுவாகத் திரும்பினால், அவள் இல்லை. கூட்டத்தில் தேடினான். மண்டபத் தூணுக்குப் பின்னால் அவள் புடவை தெரிந்தது. எதிரில் கண்ணாயிரம். காந்தா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

தலையில் எரிகிற விளக்கோடு தணிகாசலம் தூணுக்கு இந்தப் பக்கம் வந்து நின்றான். சுற்றிலும் நூறு விளக்கு, நூறு பேர். தூணுக்குப் பின்னால் நின்ற இருவரும் அவனைக் கவனிக்கவில்லை. கண்ணாயிரம் சொல்வது கேட்டது.

"எத்தினி நாளைக்கும்மா இப்பிடி மறைச்சுக்கினு இருப்பே?"

"வேணாண்ணா. அவருக்குத் தெரிஞ்சா தாங்க மாட்டாரு. முதலாளி காதுக்குப் போச்சின்னா தறியும் போயிடும்."

தணிகாசலத்தின் தலையில் சட்டி சரிந்து சூடான நெய் காதோரம் வழிந்தது, அதுகூட உறைக்கவில்லை. முதலாளி பட்டை இரண்டு பேரும் சேர்ந்து மாற்றுகிறார்கள். நல்ல நூலை எங்கேயோ தள்ளிவிட்டு மட்ட நூலைத் தன் தலையில் கட்டுகிறார்கள். அதுமட்டுந்தானா? ஆஸ்பத்திரியில் நான் பிணம் மாதிரிக் கிடந்த அத்தனை நாளும் இவளுக்குத் துணை இருந்தவன் யார்? அண்ணாவாம் அண்ணா. ஆம்பிளை மனசு அந்த நேரத்தில் எந்தச் சாக்கடை வரைக்கும் போகுமோ அதுவரைக்கும் போய்விட்டு வந்தது. அவனுக்கே அசிங்கமாக இருந்தது. இருந்தும் நிற்கவில்லை.

வீட்டுக்கு வந்து ஒன்றும் கேட்கவில்லை. சந்தேகக்காரன் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கிறவரைக்கும் வீட்டுக்கு ஆபத்தில்லை, கேட்பதை நிறுத்தினால்தான் கிலி. பாலில் விரல் விடாமல் வாங்கினான். குங்குமத்தைக் குறை சொல்லவில்லை. காந்தா பயந்துபோய், தலை வலிக்குதா, மறுபடி காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். தொடும்போதெல்லாம் அவனுக்கு உடம்பு கூசியது.

தை பிறந்ததும் தெரு நாட்டாண்மை வீரபத்திரனிடம் போய் நின்றான். கண்ணாயிரமும் காந்தாவும் பொன்னியம்மன் முன்னால் எரிகிற கற்பூரத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் பண்ண வேண்டும், முதலாளி பட்டு சம்பந்தப்பட்டது என்பதால் அவரும் வந்து நிற்க வேண்டும் என்றான். வீரபத்திரன் பெரியவர், நாலும் தெரிந்தவர். பெண்டாட்டியைக் கோயிலில் நிறுத்தினவன் வாழ்ந்ததாக வரலாறு இல்லை என்று சொல்லிப் பார்த்தார். சத்தியத்துக்கு அந்தத் தெருவில் ஒரு கட்டுப்பாடு உண்டு. சத்தியம் கேட்டவன் வீட்டுக்கும் சத்தியம் பண்ணினவன் வீட்டுக்கும் அதோடு ஒட்டு முடிந்தது. வாசற்படி மிதிக்கக் கூடாது, ஒரு பந்தியில் உட்காரக் கூடாது, ஒரு வாய்த் தண்ணி வாங்கக் கூடாது. அதையும் எடுத்துச் சொன்னார். எல்லாம் தெரிஞ்சுதான் கேக்கறேன் என்றான் தணிகாசலம். ஊர் வழக்கப்படி கேட்டவனுக்கு மறுக்க முடியாது.

வெள்ளிக்கிழமை பொழுது சாய்கிற நேரம் பொன்னியம்மன் கோயிலில் தெரு கூடியது. ராஜகோபால் முதலாளி, பட்டைப் பற்றின புகார் என்பதால் தன் கடையிலிருந்து மாதிரிக்கு இரண்டு நூல் கத்தை எடுத்துக்கொண்டு வந்திருந்தார். வாழையிலை நறுக்கில் கற்பூரம் ஏற்றினார்கள்.

கண்ணாயிரம் முன்னால் வந்தான். சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டியிருந்தான். தணிகாசலத்தை நேராகப் பார்த்தான், திட்டவில்லை, அழவில்லை. இந்தப் பட்டுல நான் ஒரு நாளும் சாயத்தைக் குறைச்சதில்ல, ஒரு இழையை மாத்தினதில்ல, காந்தா எனக்குத் தங்கச்சி என்று சொல்லி உள்ளங்கையைக் கற்பூரத்தின்மேல் வைத்து அழுத்தினான். தீ அணைந்தது. அந்தக் கடைசி வார்த்தையை யாரும் அவனிடம் கேட்கவில்லை. அவனாகச் சொன்னான். தணிகாசலத்துக்கு முகம் சுருங்கியது.

மறுபடி கற்பூரம் ஏற்றினார்கள். காந்தா வந்து நின்றாள். அவளுக்கு என்ன வாசகம் என்று வீரபத்திரன் கேட்டார். நெஞ்சில் இருந்ததை அப்படியே தெருவுக்கு முன்னால் சொல்ல தணிகாசலத்துக்கு வாய் வரவில்லை. எவ்வளவு சந்தேகப்பட்டாலும் அவனும் மானம் பார்க்கிறவன்தான். அதனால் சுற்றி வளைத்து, எல்லாம் அடங்குகிற மாதிரி ஒன்று சொன்னான்.

"எங்கிட்ட எதையும் மறைக்கலன்னு சொல்லி அணைக்கட்டும்."

காந்தா கையை நீட்டினாள். நீட்டின கை பாதியில் நின்றது. கற்பூரம் எரிந்து உருகிக்கொண்டிருந்தது. அணைம்மா என்றார் வீரபத்திரன். அவள் கையை இழுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

"மறைச்சிருக்கேன்" என்றாள்.

கூட்டத்தில் பொம்பளைகள் வாயில் கைவைத்தார்கள். தணிகாசலத்துக்கு உள்ளே ஏதோ இடிந்து விழுந்தது. அதோடு, சொல்லவே கூசுகிறது, ஒரு மூலையில் திருப்தியும் வந்தது. நான் சந்தேகப்பட்டது சரி. இன்னா மறைச்சே சொல்லு என்றான்.

காந்தா முதலாளி நிற்கிற பக்கம் ஒருதடவை பார்த்தாள். பிறகு அவனிடம் கெஞ்சுகிற குரலில், வூட்டுக்குப் போயி சொல்றேங்க, கால்ல வுழறேன், இங்க வேணாம் என்றாள். இங்கயே சொல்லு, எல்லாரும் கேக்கட்டும் என்றான் அவன். கண்ணாயிரம், வேணாண்டா தணிகா என்று ஓரடி முன்னால் வந்தான். அதுவே எரிகிற நெருப்பில் எண்ணெயாகிவிட்டது. இப்பவே சொல்லணும் என்று தணிகாசலம் கத்தினான்.

"ஒங்க கண்ணைத்தாங்க மறைச்சேன்" என்றாள் காந்தா.

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். அழாமல் சொன்னாள், அதுதான் கேட்டவர்களுக்குப் பொறுக்கவில்லை. ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்புகிறதற்கு முதல் நாள் டாக்டர் அவன் கண்ணுக்குள் விளக்கு அடித்துப் பார்த்துவிட்டு, அவளை மட்டும் வராந்தாவுக்குக் கூப்பிட்டாராம். மூளைக் காய்ச்சல் கண்ணுக்குப் பின்னால் இருக்கிற நரம்பைச் சுட்டுவிட்டது, போனது திரும்பாது என்றாராம். சிவப்பும் பச்சையும் முதலில் மங்கும், பக்கவாட்டில் வருவது தெரியாது, பக்குவமாக நீயே அவரிடம் சொல்லு என்றாராம். அன்றைக்கு ராத்திரி அவள் சொல்லத்தான் உட்கார்ந்தாள். அவன் முந்திக்கொண்டு, தறியில ஒக்கார முடியாதுன்னா என்னை இங்கயே உட்டுட்டுப் போயிடு என்று சொன்னானாம். அப்புறம் அவளுக்கு வாய் வரவில்லை. கண்ணாயிரத்திடம் மட்டும் சொன்னாள். தார்க்கூடையை இடம் பிடித்து வைத்தாள், வழியில் வருகிறவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள், நடையில் சாமான் வைக்காமல் பார்த்துக்கொண்டாள்.

"ரெண்டு வாட்டி நூலைத் திருப்பி அனுப்பினீங்களே" என்றாள். "அண்ணன் ஒரு வாட்டியும் முக்கலை. முக்கினா பட்டு வெந்துடும். ஒரு நாள் கொடியில போட்டுட்டு அதையேதான் கொண்டாந்தாரு."

பொய் என்றான் தணிகாசலம். ரெண்டு பேரும் பேசி வெச்சுக்கினு சொல்றாங்க, என் கண்ணு எனக்குத் தெரியாதா என்றான். கூட்டத்தைப் பார்த்துச் சொன்னான், வீரபத்திரனைப் பார்த்துச் சொன்னான். ராஜகோபால் முதலாளி மெதுவாக முன்னால் வந்தார். கொண்டுவந்திருந்த இரண்டு கத்தையையும் இரண்டு உள்ளங்கையில் வைத்து அவன் முன்னால் நீட்டினார். ஒண்ணு அரக்கு, ஒண்ணு பாட்டில் பச்சை, அரக்கை எடுப்பா என்றார்.

இரண்டும் ஒரே மாதிரி இருந்தன. மழையில் நனைந்த மண் நிறம். தணிகாசலம் கிட்டே குனிந்து பார்த்தான். கற்பூர வெளிச்சத்தில் பார்த்தான். ஒன்று கொஞ்சம் கூடுதல் கறுப்பாகத் தெரிந்தது. அரக்குதான் ஆழமான நிறம், இதுவாகத்தான் இருக்கும் என்று கணக்குப் போட்டு, தைரியமாக எடுத்துத் தூக்கிக் காட்டினான்.

ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் சண்டை போட்டிருப்பான், ஏமாத்தறீங்க என்று கத்தியிருப்பான். பொம்பளைகளில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். அந்தச் சத்தத்தில்தான் அவனுக்குத் தெரிந்தது, தூக்கிக் காட்டுவது பச்சை என்று. காந்தா முன்னால் எரிந்துகொண்டிருந்த கற்பூரம் யாரும் அணைக்காமல் தானே அணைந்தது.

முதலாளி அவன் கையிலிருந்து கத்தையைப் பதமாக வாங்கிக்கொண்டார். நல்ல மனுஷர், தோளில் தட்டிக்கொடுத்தார்.

"தறியில இருக்கிற பாவு முடியட்டும் தணிகாசலம். அப்புறம் பாப்போம்."

அப்புறம் பாப்போம் என்றால் என்ன அர்த்தம் என்று அந்தத் தெருவில் தறிக்குக்கூடத் தெரியும். காந்தா இத்தனை மாசமாக எந்தக் காதுக்குப் போகக் கூடாது என்று பொத்திப் பொத்தி வைத்தாளோ, அந்தக் காதை அவனே வெற்றிலை பாக்கு வைத்துக் கூட்டிக்கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறான்.

கூட்டம் கலைந்தது. கண்ணாயிரம் இடுப்புச் சட்டையை அவிழ்த்து உதறிப் போட்டுக்கொண்டிருந்தான். உள்ளங்கைக் கரியை வேட்டியில் துடைத்தான். தணிகாசலம் அவன் கிட்டே போனான். என்ன சொல்வது என்று தெரியவில்லை. மன்னிச்சிடு என்ற வார்த்தை இரண்டு பேருக்கும் நடுவில் எப்போதும் இருந்ததில்லை. அதனால், வூட்டுக்கு வாடா, ஒரு வாய் காபி சாப்பிட்டுப் போ என்றான்.

கண்ணாயிரம் அவன் முகத்தைப் பார்த்தான். அவன் கண் கலங்கியிருந்தது தணிகாசலத்துக்கும் தெரிந்தது, அதற்கு நிறம் தேவையில்லை.

"அணைச்சிட்டனே தணிகா" என்றான். "சத்தியம் பண்ணவன் எப்பிடிரா ஒன் படி ஏறுவேன்?"

செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தான். கொஞ்ச தூரம் நேராகத் தெரிந்தான். பிறகு தெருவோரமாக ஒதுங்கினான் போலிருக்கிறது, தணிகாசலத்தின் பார்வையிலிருந்து சட்டென்று காணாமல் போய்விட்டான்.

கோயில் வாசலில் காந்தா தனியாக நின்றுகொண்டிருந்தாள். அவன் வந்ததும் எதுவும் நடக்காத மாதிரி இடப்பக்கமாக வந்து சேர்ந்துகொண்டாள். இரண்டு பேரும் நடந்தார்கள். எதிரில் வந்தவர்களை இன்றைக்கு அவள் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. அவர்களும் பேசாமல் ஒதுங்கி வழிவிட்டார்கள். நாலு வீடு தாண்டினதும் தணிகாசலம் நின்றான். அவளைப் பார்ப்பதற்காக முழுசாகத் திரும்பினான்.

"டாக்டர் வேற இன்னா சொன்னாரு?"

காந்தா முந்தானையைச் சரிசெய்தாள். சரியாக இருந்ததையே மறுபடி சரிசெய்தாள்.

"அவ்ளோதாங்க. இதோட நின்னுடும், இதுக்கு மேல போவாதுன்னாரு."

சொல்வதற்கு முன்னால் அவள் எடுத்துக்கொண்ட அந்த ஒரு மூச்சு அவனுக்கு நன்றாகக் கேட்டது. அந்த மாதிரி ஒரு மூச்சை வைத்துக்கொண்டு முன்னெல்லாம் ஒரு மாசம் குடைந்திருப்பான். பால்காரனிடம் அப்படி ஒரு தயக்கம் வந்திருந்தால் செம்போடு திருப்பி அனுப்பியிருப்பான். அவள் அவன் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்பச் சரி" என்றான் தணிகாசலம். இருட்டிக்கொண்டு வந்தது, அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தான்.